கடைப் பூனையைச் சிலந்தி கடித்தால்...

மளிகைக் கடைக்கும் பூனைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. மூட்டை அடுக்கிய இடத்திற்கு எலி வரும். எலி வந்த இடத்திற்குப் பூனை வரும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரிசி, பருப்பு, மணிலா, வெல்லம் என்று சரக்கை அடுக்கி வைத்துத் தொழில் செய்யும் நம்மவர்களில் பலர் பூனையை விலை கொடுத்து வாங்கியவர்கள் அல்லர். அது தானாக வந்தது. இரண்டு நாள் சோறு வைத்தோம். மூன்றாம் நாள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டோம். ஓர் எலி ஒரு கோணியைக் கடித்தால் சிந்துகிற அரிசி எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்த எவரும், பூனைக்கு வைக்கும் ஒரு பிடிச் சோற்றை நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

அதே குடோனில் இன்னொரு குடியும் இருக்கிறது. அது எட்டுக்கால் பூச்சி. மூட்டைகளுக்கு இடையிலும், ஓட்டுக் கூரையின் கீழும், கதவு இடுக்கிலும் அது வாசம் செய்கிறது. இரவில் கடையைச் சாத்திய பிறகு பூனைக்கு அதுதான் விளையாட்டுப் பொருள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பூனையின் உதடு வீங்கியிருக்கும். அல்லது ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்திருக்கும். வாயில் நுரையாக எச்சில் வடியும். உடனே கடையில் ஆளுக்கொரு யோசனை பிறக்கும். ஒருவர் பினாயில் என்பார், ஒருவர் சுண்ணாம்பு என்பார், மற்றொருவர் கல்லாப் பெட்டியிலிருந்து காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுப்பார்.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் பகுதியில் சாதாரணமாகக் காணப்படும் சிலந்தி கடித்துப் பூனை சாவது மிகவும் அரிது. கடித்த பிறகு நாம் அவசரத்தில் செய்யும் வைத்தியத்தால் சாவது அவ்வளவு அரிதல்ல. ஆகவே எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் கடையில் இருக்கும் சிலந்திகள்

முதலில், எதிராளி யார் என்று பார்ப்போம். குடோன் மூலையில் நூல் நூலாக ஒட்டடை கட்டி, மெல்லிய நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்தி ஒன்று. தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். இதனால் பூனைக்கோ மனிதருக்கோ பெரிய தீங்கு இல்லை. இரண்டாவது, வலை கட்டாமல் சுவரில் திரிந்து, ஈயைக் கண்டால் தத்திப் பாயும் சிறிய சிலந்தி. கடை மேசை மீதே இதைப் பார்த்திருப்போம். இதுவும் அப்பாவிதான்.

நம்மைப் பயமுறுத்துவது மூன்றாவது. உள்ளங்கை அகலத்திற்குக் கால்களைப் பரப்பிக்கொண்டு, சுவரோடு ஒட்டினாற்போல் இருந்து, விளக்கைப் போட்டதும் சரேலென்று ஓடும் பழுப்பு நிறச் சிலந்தி. ஹெட்டெரோபோடா வெனடோரியா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். வலை கட்டி உட்கார்ந்து பிழைக்கும் ஜாதி அல்ல. ஓடிப் பிடிக்கும் ஜாதி. அதன் முக்கிய ஆகாரம் கரப்பான் பூச்சி. பெண் சிலந்தி தட்டையான, வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு திரியும். வாழைத்தாரோடு கப்பலேறி உலகத்தின் வெப்ப நாடுகள் அனைத்திற்கும் பரவிவிட்ட சிலந்தி இது. வாழைக்காய் மண்டிக்காரர்களுக்கு இதைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிடித்து நசுக்கினால் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், வீங்கும். அதற்கு மேல் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை.

சரக்கோடு வரும் விருந்தாளி

இவை தவிர, காட்டுச் சிலந்தி ஒன்றும் எப்போதாவது வரலாம். உடம்பெல்லாம் ரோமத்தோடு, மரப் பொந்துகளில் வாழும் பெரிய சிலந்திகள் தென்னிந்தியக் காடுகளில் உண்டு. இவை எப்படி ஊருக்குள் வருகின்றன என்பதற்கு ஒரு பழைய சங்கதி இருக்கிறது. 1899-ஆம் ஆண்டு போக்காக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நீல நிறத்தில் பளபளக்கும் ஒரு புதிய சிலந்தியைப் பற்றி எழுதினார். அது அகப்பட்ட இடம் ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக் கிடங்கு. அதே ஆண்டு அவர் எழுதிய இன்னொரு பெரிய சிலந்தி நம் அரக்கோணத்தில் கிடைத்தது. நீலச் சிலந்தியை அதன் பிறகு நூறாண்டு காலம் யாரும் பார்க்கவில்லை. 2001-இல் மறுபடியும் கண்டுபிடித்தபோது, அதன் வீடு குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள காடு என்று தெரிந்தது. வெட்டிய மரத்தோடு ரயிலேறி அது குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷனுக்கு வரும் வேகனிலும், சென்னை நெடுஞ்சாலையில் திண்டிவனம் வழியாக வரும் லாரியிலும், சரக்கோடு சரக்காகப் பூச்சி பொட்டும் பிரயாணம் செய்கின்றன. குண்டூர் மிளகாயாகட்டும், வாழைத்தாராகட்டும், சுற்று வட்டாரத்திலிருந்து வரும் மல்லாட்டை மூட்டையாகட்டும், இறக்கும்போதே ஒரு தட்டுத் தட்டி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து அடுக்கினால் பாதித் தொல்லை குறையும். பார்க்காமல் உள்ளே அடுக்கினால், அதை முதலில் கண்டுபிடிப்பது பூனையாகத்தான் இருக்கும்.

கடித்தால் பூனைக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் ஜெயிப்பது பூனைதான். ஓர் அடி அடித்து, கவ்வி, மென்று தின்றுவிடும். சிலந்தியைத் தின்றதால் விஷம் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். சிலந்தியின் விஷம் பல் வழியாக உடம்புக்குள் இறங்கினால்தான் வேலை செய்யும். வயிற்றுக்குள் போனது சாதாரணமாகச் செரித்துவிடும். கசப்புத் தாளாமல் சற்று நேரம் எச்சில் வடிக்கலாம். ஒரு முறை வாந்தி எடுக்கலாம். அவ்வளவே.

சிலந்தி முந்திக்கொண்டால், கடி பூனையின் உதட்டிலோ, மூக்கிலோ, முன் பாதத்திலோ விழும். அந்த இடம் சிவந்து வீங்கும். பூனை அதை நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு வேளை சாப்பிடாமல் மூலையில் படுத்துக்கொள்ளும். சாதாரணச் சிலந்திக் கடியானால் ஓரிரு நாட்களில் வீக்கம் வடிந்துவிடும்.

உலகத்தில் பூனையைக் கொல்லக்கூடிய சிலந்தியே இல்லையா என்றால், உண்டு. 'கறுப்பு விதவை' என்று வெளிநாடுகளில் அழைக்கப்படும் இனத்தின் விஷம் பூனைக்கு ஆகவே ஆகாது. தசைகள் இறுகி, பிறகு கைகால் விழுந்து, இறந்தும் போகும். அந்த வகையைச் சேர்ந்த சிலந்திகள் இந்தியாவிலும் உண்டு என்றாலும், நம் வீட்டு மூலைகளில் அன்றாடம் காண்பவை அல்ல.

இங்கே வேடிக்கையான ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சுற்றி வாழும் ஒரு புனல் வலைச் சிலந்தி மனிதரைக் கொல்லக்கூடியது. அதற்கு முறிவு மருந்து 1981-இல்தான் வந்தது. ஆனால் அதே விஷத்தைப் பூனையும் நாயும் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. அதே நாட்டின் ரோமச் சிலந்தி ஒன்று கடித்தால் நாய் இறந்துவிடுகிறது. மனிதருக்கு வலியோடு போய்விடுகிறது. ஆக, ஓர் உயிருக்கு விஷமாக இருப்பது மற்றோர் உயிருக்கு விஷமாக இருப்பதில்லை. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் நமக்கு வேண்டிய எச்சரிக்கை கிடைக்கிறது. நமக்கு மருந்தாக இருப்பது பூனைக்கு மருந்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாத்திரை என்னும் எமன்

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இது: காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய விஷம். மனிதரின் கல்லீரல் இந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றிவிடுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. நம் கடைப் பூனையின் எடை மூன்று அல்லது நான்கு கிலோ இருக்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே அதன் உயிரைப் போக்கப் போதுமானது.

அந்த மாத்திரை செய்யும் வேலை என்ன தெரியுமா? பூனையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு வெளிறி, நீலமாகவோ சாக்லேட் நிறமாகவோ மாறுகிறது. மூச்சு வாங்குகிறது. முகமும் பாதங்களும் வீங்குகின்றன. இந்தக் கடைசி அடையாளத்தைக் கவனியுங்கள். சிலந்தி கடித்ததால் உதடு சற்று வீங்கிய பூனைக்கு நாம் மாத்திரை கொடுக்கிறோம். சில மணி நேரத்தில் முகம் முழுவதும் வீங்குகிறது. "பார்த்தீர்களா, விஷம் ஏறுகிறது!" என்று மீதிப் பாதி மாத்திரையையும் கொடுக்கிறோம். பூனை செத்துப் போகிறது. பழி சிலந்தி மேல் விழுகிறது.

தெரியாமல் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். எப்போது கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மறைத்தால் டாக்டர் சிலந்திக் கடிக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிலந்தி மேல் விழும் பழிகள்

சிலந்தி மேல் பழி போடுவது பூனை விஷயத்தில் மட்டுமல்ல. உடம்பில் கொப்புளம் கொப்புளமாக வந்தால், எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டதால் வந்த அக்கி என்று காவி கொண்டு எழுதுகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அக்கி என்பது முன்பு அம்மை போட்டவர் உடம்பில் தங்கியிருந்த கிருமி மறுபடியும் தலைதூக்குவதால் வருவது. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மழைக் காலத்தில் விளக்கு வெளிச்சத்திற்கு வரும், எறும்பு போன்ற சிவப்பும் கறுப்புமான ஒரு சிறு வண்டு உண்டு. அதைக் கழுத்தில் வைத்து நசுக்கிவிட்டால் தோல் வெந்து கோடு கோடாகப் புண்ணாகும். அதற்கும் சிலந்திதான் பெயர் வாங்கிக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் அஸ்ஸாமில் நடந்தது. 2012-இல் அந்த மாநிலத்தின் தின்சுகியா மாவட்டத்தில் உள்ள சதியா என்ற ஊரில், பெரிய சிலந்திகள் கூட்டமாக வந்து மக்களைக் கடிப்பதாகவும், இருவர் இறந்துவிட்டதாகவும் செய்தி பரவியது. நாடு முழுவதும் பத்திரிகைகளில் அதுவே பேச்சு. ஆனால் இறந்தவர்களின் உடல்கள் பரிசோதனை செய்யப்படாமலே தகனம் செய்யப்பட்டுவிட்டன. கடிபட்டவர்கள் முதலில் போனது மந்திரவாதிகளிடம். அவர்கள் கடிவாயைச் சவர பிளேடால் கீறி இரத்தத்தை வடித்திருக்கிறார்கள். அந்தக் கீறலே அவர்களை நோயாளியாக்கியிருக்கக் கூடும் என்று அங்குள்ள டாக்டரே சொன்னார். சிலந்திதான் கொன்றது என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை. மனிதருக்கே இப்படி என்றால், வாயில்லாப் பூனையின் கதி என்ன?

உடனே செய்ய வேண்டியவை

1. முதலில் பூனையை அந்த இடத்தை விட்டு அப்புறப்படுத்துங்கள். வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும். ஒரு பழைய துண்டையோ சுத்தமான சாக்கையோ போர்த்தி, தலை மட்டும் வெளியே தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டைப் பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு வைத்துக்கொண்டால் டாக்டரிடம் கொண்டு போகவும் வசதி.

2. சிலந்தி செத்துக் கிடந்தால் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஒரு சிறிய டப்பாவில் போட்டு வையுங்கள். கடித்தது எது என்று டாக்டருக்குத் தெரிவது பாதி வைத்தியம். உயிரோடு இருந்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

3. வீங்கிய இடத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் ஒற்றி எடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்க வேண்டாம்.

4. அமைதியான இடத்தில், குடிக்கத் தண்ணீர் வைத்து, ஒரு நாள் முழுவதும் கண்காணியுங்கள். சாப்பிடுகிறதா, நேராக நடக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் சிவப்பாக இருந்தால் நல்லது.

5. மூச்சுத் திணறல், நடுக்கம், வலிப்பு, கால் தள்ளாட்டம், விடாத வாந்தி, தொண்டை வரை பரவும் வீக்கம், நிறம் மாறிய ஈறு, இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள். கடிபட்ட இடம் இரண்டு மூன்று நாள் கழித்துக் கறுத்தாலும் சீழ் வைத்தாலும் அப்படியே.

செய்யக் கூடாதவை

பாரசிட்டமால், ஆஸ்பிரின் முதலான மனித மாத்திரை எதுவும் டாக்டர் சொல்லாமல் கூடாது. பினாயில், மண்ணெண்ணெய், டெட்டால், சுண்ணாம்பு எதையும் கடிவாயில் தடவக் கூடாது. பூனை தன் உடம்பை நாள் முழுவதும் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. அதன் தோலில் தடவியது அரை மணியில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். பினாயில் வகைத் திரவங்கள் பூனைக்கு மிகவும் கெடுதல்.

வாயைத் திறந்து எண்ணெயோ உப்புத் தண்ணீரோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் வேறு வினை. "பால் கொடுத்தால் விஷம் முறியும்" என்பதும் சரியல்ல. வளர்ந்த பூனைகளில் பலவற்றிற்குப் பாலே செரிப்பதில்லை. வெங்காயச் சாறும் கூடாது. வெங்காயம் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடியது. கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கூடவே கூடாது.

மருந்தடிப்பதிலும் எச்சரிக்கை தேவை. சிலந்தியைக் கொல்கிறோம் என்று பூனை இருக்கும் இடத்திலேயே பூச்சி மருந்தை அடிக்கிறோம். நாய்க்கு உண்ணி போவதற்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் தேய்க்கிறோம். இவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற சரக்கு நாய்க்குப் பொறுக்கும், பூனைக்குப் பொறுக்காது. அடர்த்தி அதிகமானால் உடம்பு உதறி, வலிப்பு வந்துவிடும். அதையும் சிலந்தி விஷம் என்றே நினைத்துக்கொள்கிறோம். மருந்து மேலே பட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்துவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

சிலந்தி அல்லாமல் வேறாக இருந்தால்?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். "சிலந்திதானே, சரியாகிவிடும்" என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. நாம் கண்ணால் பார்க்காதவரை கடித்தது சிலந்தி என்பது வெறும் ஊகமே.

பூனையின் இமை பாதி மூடி, கால் இழுத்து, மூச்சு மந்தமானால் பாம்பைச் சந்தேகிக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்த தடயமே சில சமயம் தெரியாது. கடிபட்ட இடம் மளமளவென்று வீங்கி இரத்தம் கசிந்தால் கண்ணாடி விரியனாக இருக்கலாம். பாம்புக் கடிக்கான முறிவு மருந்து பூனைக்கும் பயன்படுகிறது. ஆனால் நேரம் முக்கியம். குடோனில் பாம்பு இருக்கிறது என்று பூனை நமக்குக் கொடுக்கும் தகவலாகவும் இதை எடுத்துக்கொண்டு, ஊழியர்கள் மூட்டையில் கை வைக்கும் முன் எச்சரிக்க வேண்டும்.

எலி மருந்தையும் மறக்கக் கூடாது. பூனை வளர்க்கும் குடோனில் எலி மருந்து வைப்பது, ஒரே வேலைக்கு இரண்டு ஆட்களை வைத்து, ஒருவர் கையால் மற்றவரைக் கொல்வதற்குச் சமம். ஜிங்க் பாஸ்பைடு கலந்த கறுப்பு மருந்துக்கு மாற்று மருந்தே கிடையாது. புரோமாடியோலோன் வில்லை தின்ற எலியைப் பூனை தின்றால், பல நாள் கழித்து இரத்தம் உறையாமல் மூக்கிலும் ஈற்றிலும் கசியும். இதற்கு வைட்டமின் கே1 ஊசி உண்டு. மருந்து வைத்திருந்தால் அதன் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

மூட்டை இடுக்கில் தேளும் உண்டு. ஊழியர் ஒருவரைச் செந்தேள் கொட்டினால் மந்திரிக்கக் கூட்டிப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டே, பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையால் தேள்கடி மரணங்களைப் பெருமளவு குறைக்கலாம் என்று 1980-களில் காட்டியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சரியான மருந்து சரியான கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

எங்கே போவது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. கால்நடை உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. பெரிய சிகிச்சை வேண்டுமானால், புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இரண்டு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அவசரத்தில் தேடாமல், பக்கத்து டாக்டரின் எண்ணை இன்றே எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைப்பது புத்திசாலித்தனம்.

பூனையைப் பிடிக்கப் போய் நம் கையில் பல்லோ நகமோ பட்டுவிட்டால், அதைச் சிறு காயம் என்று விடக் கூடாது. வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பூனைக்கும் வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுவது வளர்ப்பவர் கடமை.

சட்டமும் சுத்தமும்

கடைசியாக, நம் தொழிலைப் பாதிக்கக்கூடிய ஒன்று. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் கீழ், 2011-இல் கொண்டுவரப்பட்ட உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் 4-ஆம் அட்டவணை, உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் விலங்கு, பறவை, வளர்ப்புப் பிராணி எதையும் அனுமதிக்கக் கூடாது என்கிறது. ஆகவே திறந்த மூட்டைகள் மீது பூனை படுத்திருப்பது பழக்கத்தில் சாதாரணம் என்றாலும், சட்டத்தின் முன் குற்றமே. அதன் இடத்தைக் கொல்லைப்புறத்திற்கோ வீட்டுப் பக்கத்திற்கோ மாற்றிக்கொள்வது நமக்கும் நல்லது, அதற்கும் நல்லது. எலியை வெளியிலிருந்து வரவிடாமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

சிலந்தியை ஒழிக்க மருந்து தேவையில்லை. வாரம் ஒரு முறை ஒட்டடைக் கம்பு போதும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். காலிச் சாக்குகளை மூலையில் குவிக்காதீர்கள். கதவு இடுக்கையும் சுவர் ஓட்டையையும் சிமெண்டு வைத்து அடையுங்கள். அந்துப்பூச்சியும் கரப்பானும் குறைந்தால், அவற்றைத் தேடி வரும் சிலந்தியும் தானே குறையும். உணவுப் பொருள் அடுக்கிய இடத்தில் பூச்சி மருந்து அடித்து, அந்த வாடை அரிசியில் ஏறி, வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால், அந்த நஷ்டம் எந்தச் சிலந்தியும் செய்ய முடியாத நஷ்டம்.

கடையைச் சாத்துவது பெரும்பாலும் கடைப் பையன்கள்; காலையில் திறப்பதும் அவர்களே. பூனையின் வீங்கிய முகத்தை முதலில் பார்க்கப் போவதும் அவர்கள்தான். ஆகவே முதலாளிமார்கள் இதைத் தாங்கள் படித்ததோடு நிறுத்திவிடாமல், ஊழியர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும் மூன்றை மட்டும் சொல்லுங்கள். குளிர்ந்த துணி வைக்கலாம். மாத்திரை கொடுக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.